குளவி என்றுதான் எழுதியிருந்தீர்கள்

தென் இந்து சமுத்திரம்,
கப்பலில் இருந்து,
பெப்ரவரி 8, சனிக்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

தங்கை தனுஜா எழுதிக்கொள்வது. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. சோறு மட்டும்தான் சோறு மாதிரி இல்லை. அங்கே உங்கள் இருவருக்கும் மகள் ஜெயந்தினிக்கும் எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். பனி இன்னும் தேயிலைக் கொழுந்தைக் கருக்கிக்கொண்டுதான் இருக்கிறதா?

முந்தாநாள் கப்பல் வடக்கே திரும்பிவிட்டது. ஏழு மாதமாகத் தெற்கு தெற்கு என்று போய், கடைசியில் பனிக்கட்டி மிதக்கும் இடம்வரை போய்விட்டோம். இனி ஒவ்வொரு நாளும் வீட்டுப் பக்கம்தான். மார்ச் முதலாம் திகதி மொரிசியஸ், பதினாறாம் திகதி கொழும்பு. அடுத்த நாள் காலையில் ரயில் ஏறினால் மத்தியானம் ஹட்டன், பொழுது சாய்வதற்குள் டயகம. அண்ணி, அன்றைக்கு எனக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

நிஷாந்திக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சொல்லச் சொல்ல அவள்தான் போனில் தட்டி அனுப்புகிறாள் என்று தெரியும். பக்கத்து வீட்டுக்காரி என்பதற்காக முன்பள்ளி டீச்சரை இப்படியா வேலை வாங்குவது? அவளிடம் சொல்லுங்கள், கப்பலுக்குச் சனிக்கிழமைகளில் மட்டும்தான் கடிதம் வரும், அதிலும் எழுத்து மட்டும்தான் வரும். போன வாரம் அவள் அனுப்பிய இரண்டு படங்களும் இங்கே வெள்ளைப் பெட்டியாகத்தான் தெரிந்தன. ஜெயந்தினியின் விளையாட்டுப் போட்டிப் படங்களாக இருக்கும். வந்து பார்த்துக்கொள்கிறேன்.

"நாள் பூராவும் கப்பல்ல என்னதான் செய்வ?" என்று அண்ணி கேட்டிருந்தீர்கள். பறவை எண்ணுகிறேன் அண்ணி, சிரிக்காதீர்கள். மேல் தட்டில் நின்று, கப்பலுக்கு முந்நூறு மீற்றருக்குள் வருகிற ஒவ்வொரு பறவையையும் திமிங்கிலத்தையும் பெயரோடு எழுத வேண்டும். இரண்டு மணித்தியாலம் பார்த்தால் இரண்டு மணித்தியாலம் ஓய்வு. நேற்று ஓர் அல்பட்ராஸ் அரை மணித்தியாலம் சிறகை ஒரு தடவைகூட அடிக்காமல் எங்களோடு வந்தது. நீங்கள் பார்த்திருந்தால் சோம்பேறிப் பறவை என்று ஏசியிருப்பீர்கள். இதில் ஒரு கண்டிப்பு உண்டு. அடையாளம் தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுத வேண்டும். ஊகித்து எழுதினால் எங்கள் குழுத் தலைவர் தோலை உரித்துவிடுவார்.

குளிக்கிறேன் அண்ணி. "மீன் வாடையோட வந்தா லயத்து வீட்டுக்குள்ள விடமாட்டேன் புள்ள" என்று நீங்கள் எழுதியதைச் சமையற்காரர் றோலண்டிடம் வாசித்துக் காட்டினேன். அவர் இறம்பொடைக்காரர். வயிறு குலுங்கச் சிரித்தார். கப்பலில் எங்கள் பேச்சுப் பேச இரண்டே பேர், நானும் அவரும்.

இனி அண்ணன் கேட்ட விஷயம். நீங்கள் எழுதியதை அப்படியே திருப்பி எழுதுகிறேன்: "ஏழாம் நம்பர் மலையில, பெரிய சவுக்கு மரத்தடியில குளவி கூடு கட்டிருக்கு. போன மாசம் சின்னதா இருந்துச்சு, இப்ப பானையாட்டம் ஆயிருச்சு. பொம்பளைங்க பயப்புடுறாங்க. வேல வாங்குற கண்டாக்கையா கொழுந்து முத்திப் போகுதுன்னு கத்துறாரு. மலைய விட்டுறலாமா, கூட்ட தீ வச்சு அழிச்சிரலாமா, நீ சொல்லும்மா."

அண்ணே, எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்! அது குளவி அல்ல. நம் தோட்டங்களில் கொட்டுகிற எல்லாவற்றுக்கும் குளவி என்று ஒரே பெயரை வைத்துவிட்டோம், பத்திரிகைக்காரர்களும் அதையே எழுதுகிறார்கள். பெரிய மரத்தில் வந்து தொங்குவது பெருந்தேனீ. சிங்கள ஆட்கள் அதற்கு பம்பரா என்றும் குளவிக்கு தெபரா என்றும் பிரித்துச் சொல்வார்கள். இரண்டும் வேறு வேறு சாதி, வேறு வேறு குணம். பெருந்தேனீ உயரத்தில் இருக்கும். புகையோ நெருப்போ பருந்தோ கலைக்காவிட்டால் தன் பாட்டில் இருக்கும். பூக்காலம் முடிந்ததும் தானாகவே இடம் மாறிவிடும். தீ வைப்பதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. மலையை விடவும் வேண்டாம். சத்தம் போடாமல் கீழே கொழுந்து பறிக்கலாம்.

நான் வந்ததும் செய்யப்போகிற முதல் வேலையே இதுதான். 'அது குளவி அல்ல' என்று ஒரு சின்னப் புத்தகம் கப்பலிலேயே எழுதி முடித்துவிட்டேன். அச்சடித்துத் தோட்டம் தோட்டமாகக் கொடுக்க எங்கள் உயிரின ஆய்வு நிறுவனத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் பிரதி நம் டிவிஷனுக்குத்தான்.

அதுவரை, காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும்போது இந்தக் கடிதத்தை எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். கங்காணி முத்துலிங்கம் சொன்னால் கேட்கமாட்டார்கள். கங்காணியின் தங்கச்சி சொன்னாள் என்றால் கேட்பார்கள்.

ஜெயந்தினியிடம் கணக்குப் பாடத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். அவளுக்கு இரண்டு இறகுகள் எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் வாயாடித் தங்கை,
தனுஜா.


கப்பலில் இருந்து,
பெப்ரவரி 15, சனிக்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

உங்கள் பதில் இன்று காலை வந்தது. பாதிப் பக்கம் அண்ணன், மீதிப் பக்கம் அண்ணி. அண்ணியின் பாதிதான் எப்போதும் போல வாசிக்க நன்றாக இருந்தது, அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கடல் சூடாகிவிட்டது. கம்பளிச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டேன். பெரிய பறவைகள் எல்லாம் பின்னால் நின்றுவிட்டன. இப்போது தகரக் கூரைக் குருவி அளவில் ஒரு சின்னப் பறவை, தண்ணீர் மேல் நடப்பது போலக் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு கூட்டம் கூட்டமாக வருகிறது. எண்ணி முடிப்பதற்குள் கண் பூத்துப்போகிறது.

திங்கட்கிழமை பெரட்டில் என் கடிதத்தை வாசித்துவிட்டு ஏழாம் நம்பரில் இறங்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். மிகவும் சந்தோஷம். "படம் பாத்துட்டுத்தான சொல்ற? கூடு கொஞ்சம் கீழாப்புலதான் இருக்கு" என்றும் கேட்டிருக்கிறீர்கள். படம் இங்கே திறக்காது என்றுதான் போன கடிதத்திலேயே சொன்னேனே. அந்தச் சவுக்கு மரம் அறுபது அடி இருக்கும். முப்பது அடியில் இருந்தாலும் நீங்கள் கீழாப்புல என்றுதான் சொல்வீர்கள். ஒன்றும் ஆகாது அண்ணே, தைரியமாக இறங்குங்கள்.

அம்மாக்கண்ணு அக்கா மட்டும் முறைத்துக்கொண்டு நிற்பதாக அண்ணி எழுதியிருக்கிறீர்கள். அந்த மலையில் முப்பது வருஷமாகக் கொழுந்து பறிக்கிறவர் என்பது சரிதான், ஆனால் அவருக்கு ஆந்தை கத்தினாலும் பயம், அட்டை ஏறினாலும் பயம். "நா பேசிக்கிறேன், நீ கவலப்படாம ஒன் மீனப் பாரு" என்று சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் பேசினால் மலையே நகரும், எனக்குத் தெரியாதா?

அடுத்த சனிக்கிழமை நல்ல செய்தி எழுதுங்கள்.

அன்புடன்,
தனுஜா.


கப்பலில் இருந்து,
பெப்ரவரி 22, சனிக்கிழமை.

அண்ணனுக்கு,

நிஷாந்தியின் கடிதம் கிடைத்தது. மூன்று தடவை எழுதத் தொடங்கி அழித்துவிட்டேன். இன்று அனுப்பாவிட்டால் இன்னும் ஏழு நாள் நான் வாய் மூடிக் கிடந்ததாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

ஜீவராணி அண்ணி போய்விட்டார் என்று எழுதியிருக்கிறாள். திங்கட்கிழமை. புதன்கிழமை அடக்கம் செய்துவிட்டீர்களாம். அன்றைக்கு நான் இங்கே முப்பத்தெட்டுப் பறவைகள் எண்ணியிருக்கிறேன். புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன்.

என்ன நடந்தது என்று நிஷாந்தி ஒன்றும் மறைக்காமல் எழுதியிருக்கிறாள். அவள்மீது கோபப்படாதீர்கள், நான்தான் எப்போதும் அவளிடம் விவரமாக எழுது, விவரமாக எழுது என்று நச்சரிப்பவள். பெரட்டுக் களத்தில் நீங்கள் என் கடிதத்தை வாசித்தீர்களாம். அம்மாக்கண்ணு அக்கா, "கப்பல்ல இருக்கவளுக்கு நம்ம மலை எப்புடிங்க தெரியும்? நா கண்ணால பாத்தேன், அது குளவிதான்" என்றாராம். அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டதாம். "எங்க தனு படிச்சிட்டுத்தான் சொல்றா. ஒங்களுக்குப் பயமா இருந்தா அந்த மரத்துகிட்ட உள்ள நெரைய நா எடுக்கிறேன், நீங்க பின்னுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் போனாராம்.

ஒன்பதரை மணி வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லையாம். அண்ணி திரும்பிப் பார்த்து அம்மாக்கண்ணு அக்காவைக் கேலியும் செய்தாராம். பிறகு மரத்தடிச் செடியில் கையை வைத்ததும் செடிக்குள்ளிருந்து கிளம்பி வந்தனவாம். அண்ணி மேலே ஓடப் பார்த்து, தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்துவிட்டாராம். மற்றவர்கள் கீழே ஓடிவிட, அம்மாக்கண்ணு அக்கா மட்டும் திரும்பி வந்து, இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்து அண்ணிமேல் போட்டு, அதன்மேல் தானும் படுத்துக்கொண்டாராம். அட்டைக்கும் பயம் என்று நான் எழுதிய அம்மாக்கண்ணு அக்கா. கொழுந்து லொறியில் இருவரையும் ஏற்றிக்கொண்டு போகும் வழியிலேயே அண்ணியின் மூச்சு நின்றுவிட்டது என்றும், அம்மாக்கண்ணு அக்கா முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறாள்.

கூடு முட்டி உயரத்தில், தேயிலைச் செடி மறைவில், மரத்தின் அடியோடு ஒட்டி இருந்ததாம். நிஷாந்தி அனுப்பிய இரண்டு படங்களும் அந்தக் கூட்டின் படங்கள்தானாம். நான் விளையாட்டுப் போட்டி என்று எழுதினேன்.

அண்ணே, நீங்கள் ஒரு பிழையும் எழுதவில்லை. 'மரத்தடியில' என்று எழுதினீர்கள். மரத்தடியில் என்றால் மரத்தின் அடியில். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் 'மரத்தில்' என்று வாசித்தேன். 'பானையாட்டம்' என்று எழுதினீர்கள். பெருந்தேனீயின் அடை முறம் மாதிரி தட்டையாகத் தொங்கும், அதை யாரும் பானை என்று சொல்லமாட்டார்கள். குளவிக் கூடுதான் பானை. அந்த ஒரு சொல் போதும், என்னிடம் படித்த மாணவர்கள்கூடக் கண்டுபிடித்திருப்பார்கள். நான் அதை அளவு என்று எடுத்துக்கொண்டேன். குளவி என்றுதான் எழுதியிருந்தீர்கள். குளவி என்றே எழுதியிருந்தீர்கள். நம் ஆட்கள் அந்தச் சொல்லைத் தப்பாகத்தான் சொல்வார்கள் என்று பத்து வருஷமாக எல்லா இடத்திலும் பேசிப் பேசி, சரியாகச் சொன்ன அன்றைக்கு என் காதில் ஏறவில்லை.

இந்த ஏழு மாதத்தில் 'அடையாளம் தெரியவில்லை' என்று நானூற்றுப் பன்னிரண்டு தடவை எழுதியிருக்கிறேன். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லாத கடற்பறவைகளுக்கு. படம் திறக்கவில்லை, தெரியவில்லை, நான் வரும்வரை யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று ஒரு வரி எழுத எனக்கு வாய் வரவில்லை. கூடு கீழே இருக்கிறது என்று நீங்கள் இரண்டாம் முறையும் கேட்டீர்கள். அதற்கும் கேலி செய்தேன். நான் படித்தவள் என்பதற்காக உங்கள் கண்ணையே நீங்கள் நம்பாமல் விட்டீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காலையில் மேல் தட்டுக்குப் போனேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. றோலண்ட் வந்து என்ன என்று கேட்டார், சொன்னேன். "அழுவுங்க மிஸ். மூஞ்சியப் பொத்திக்கிட்டு அழுவாதீங்க. இங்க யாரு இருக்கா கேக்க" என்றார். அப்போதுதான் அழுகை வந்தது. அண்ணி அண்ணி என்று கத்தினேன். எங்கள் அம்மா செத்தபோதுகூட இப்படிக் கத்தவில்லை.

மரண விசாரணையில் உங்களிடம் கேட்டபோது, "நாந்தான் போகச் சொன்னேன்" என்று மட்டும் சொன்னீர்களாம். என் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, யாரும் தனுவின் பெயரை எடுக்க வேண்டாம் என்று லயத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டீர்களாம். இப்போது கூடு இருப்பது தெரிந்தே பெண்களை அனுப்பினார் என்று தோட்ட நிர்வாகம் உங்களை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறது. ஏன் அண்ணே அப்படிச் செய்தீர்கள்? பெண்சாதியையும் பறிகொடுத்துவிட்டு, பழியையும் நீங்களே சுமப்பீர்களா?

எனக்கு நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. எழுதச் சொல்லிக் கேட்க எனக்கு முகமில்லை.

தனுஜா.


போர்ட் லூயிஸ்,
மொரிசியஸ்,
மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை.

அண்ணனுக்கு,

நேற்றுக் காலையில் இங்கே வந்து சேர்ந்தோம். போனுக்கு சிக்னல் கிடைத்ததும் உங்களை அழைத்தேன். ஆறு தடவை மணி அடித்தது, நீங்கள் எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கப்பலை விட்டு இறங்கி விமானத்தில் போக அனுமதி கேட்டிருந்தேன். கொடுத்தார்கள். இன்று மாலை டிக்கெட். நாளைக்கு ராத்திரிக்குள் டயகம வந்திருப்பேன், நாளை மறுநாள் பதினாறாம் நாள் காரியத்துக்கு உங்கள் பக்கத்தில் நின்றிருப்பேன். பையைக் கட்டி முடித்த பிறகு ஜெயந்தினியிடமிருந்து ஒரு வரி வந்தது. "அத்தை, நீங்க இங்க வர வேணாம். அப்பாவ விட்டுருங்க." அவ்வளவுதான். பதினைந்து வயதுப் பிள்ளை. பிறந்தநாளுக்கு என்னிடம் பைனாகுலர் கேட்டவள்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கப்பலிலேயே ஏறிவிட்டேன். பிள்ளையின் மனசை மதித்துச் செய்தேன் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். பயந்துவிட்டேன். ஜெயந்தினியின் முகத்தைப் பார்க்கப் பயம். அந்த வரி வந்தபோது உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது, இன்னும் இரண்டு வாரம் தப்பித்தேன் என்று. இதைவிடக் கேவலமாக நான் ஒருநாளும் இருந்ததில்லை.

ஆனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். நீங்கள் கோபப்படுவீர்கள், படுங்கள். இங்கிருந்து தோட்ட நிர்வாகி பெரிய துரைக்கும், தொழில் அலுவலகத்துக்கும், மரண விசாரணை அதிகாரிக்கும் கடிதம் அனுப்பிவிட்டேன். பெப்ரவரி எட்டாம் திகதிக் கடிதம், பதினைந்தாம் திகதிக் கடிதம், நீங்கள் எனக்கு எழுதிய இரண்டு கடிதங்கள், நிஷாந்தி அனுப்பிய இரண்டு படங்கள், எல்லாவற்றையும் வைத்து அனுப்பினேன். படங்கள் இங்கே திறந்தன. முதல் படத்தைப் பார்த்த நொடியில் அது என்ன என்று தெரிந்தது. ஒரு நொடி போதுமாக இருந்தது.

"முத்துலிங்கம் கங்காணி கூட்டை இரண்டு முறை சரியாக விவரித்து ஆலோசனை கேட்டார், பயமில்லை, போகலாம் என்று சொன்னது நான்" என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சின்னப் புத்தகத்தை அச்சடிக்க வேண்டாம் என்றும் எங்கள் நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன். அதில் உள்ளது எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தத் தலைப்போடு ஒரு புத்தகத்தை நம் தோட்டத்தில் யாருடைய கையில் கொடுப்பேன்? இனி அவர்கள் என்னை வேலையில் வைத்துக்கொள்வார்களா என்று தெரியாது. அதை நீங்கள் நினைக்க வேண்டாம்.

என் பெயரைக் காப்பாற்றவே நீங்கள் வாயை மூடிக்கொண்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நம் லயத்திலிருந்து முதல்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள், பேப்பரில் படம் வந்தவள், அவள் பெயர் கெடக்கூடாது என்று. அந்தப் பெயருக்காகத்தான் அண்ணியும் முன்னால் போனார். போதும் அண்ணே. அந்தப் பெயருக்கு இனி யாரும் ஒன்றும் கொடுக்க வேண்டாம்.

இங்கே துறைமுகத் தெருவில் ஒரு கோயில் இருந்தது. உள்ளே போனேன், கும்பிடத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

தனுஜா.


கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே,
மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கு,

கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது. துறைமுகத்துக்குள் போக நாளைக் காலையாகும் என்கிறார்கள். எதிரே கட்டடங்கள் தெரிகின்றன. எட்டு மாதத்துக்குப் பிறகு ஊரைப் பார்க்கிறேன், சந்தோஷம் துளியும் வரவில்லை. றோலண்ட் பெட்டியைக் கட்டிவிட்டார். "இறம்பொட வரைக்கும் ஒண்ணாப் போவோம் மிஸ், தனியாப் போவாதீங்க" என்கிறார். எந்தப் பக்கம் போகப்போகிறேன் என்று எனக்கே தெரியாது என்று அவரிடம் சொல்லவில்லை.

இந்த இரண்டு வாரமும் என் வேலையைச் செய்தேன். மேல் தட்டில் நின்று எண்ணினேன், எழுதினேன். அது ஒன்றுதான் செய்யத் தெரியும்.

தொழில் அலுவலகத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. இருபதாம் திகதி நுவரெலியாவுக்கு வந்து வாக்குமூலம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதன் பிறகு உங்கள் வேலை விஷயம் தீர்மானமாகுமாம். நான் போவேன். யார் தடுத்தாலும் போவேன். அதற்கு உங்கள் அனுமதி கேட்கவில்லை.

அம்மாக்கண்ணு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று நிஷாந்தி எழுதியிருக்கிறாள். இடது கண் இன்னும் முழுசாகத் திறக்கவில்லையாம். என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டு எழுதினேன். "ஒண்ணும் சொல்லல அக்கா. ஜீவராணி படுத்திருக்க எடத்துக்கு ஒரு பூச்செடி கொண்டாந்து நடணும்னு மட்டும் சொன்னாங்க" என்று பதில் வந்தது. அவர் காலில் விழ வேண்டும். எப்படி என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை முப்பதாம் நாள். அடக்கத்துக்கும் நான் இல்லை, பதினாறுக்கும் இல்லை. இதற்காவது அண்ணியின் படத்துக்கு முன்னால் நின்று, நான் செய்ததை என் வாயால் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் வரவேண்டும் என்றில்லை. ஜெயந்தினி கண்ணில் படாமல் லயத்துக் கோடியில் நிற்கச் சொன்னாலும் நிற்பேன். மண் போட்ட இடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போ என்றால் பார்த்துவிட்டுப் போவேன். ஒன்றுக்கும் வராதே என்றால் ஹட்டனோடு திரும்பிவிடுவேன்.

ஜெயந்தினி எழுதியது சரி என்று அவளிடம் சொல்லுங்கள். அத்தைக்கு அப்படி எழுதிவிட்டோமே என்று அவள் பிற்பாடு ஒருநாள் மனம் வருந்தக்கூடாது. நல்லாயிரு மகளே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அவள் நன்றாக இருக்க வேண்டும்.

ஆனால் அது அவள் சொன்னது. நீங்கள் இன்னும் சொல்லவில்லை அண்ணே. இருபத்தேழு நாளாயிற்று. ஒரு வார்த்தை எழுதுங்கள். நிஷாந்தியிடம் சொல்லாமல் உங்கள் கையாலேயே எழுதுங்கள், எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் 'வா' என்று எழுதினால் வா என்று வாசிப்பேன். 'வராத' என்று எழுதினால் வராத என்றே வாசிப்பேன். அதற்குள் வேறொரு அர்த்தம் தேடமாட்டேன்.

உங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்,
தனு.